ஓடுகிற எஞ்சினைத் திறப்பது

உடைந்து போன துண்டு பெருவிரல் நகத்தின் அளவுகூட இருக்காது. 15 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின் ஒன்றின் அடியில், புறொப்பெல்லருக்கும் கீழே இறங்கி நிற்கும் தகட்டின் பின் முனை முருகைக் கல்லில் பட்டு நொறுங்கியிருக்கிறது. அதற்கு மேலே கியர் பெட்டியின் பக்கத்தில் சாம்பல் நிறப் பெயின்ற் நாலு விரல் நீளத்துக்கு உரிந்து, அலுமினியம் வெளியே தெரிகிறது. எஞ்சின் என்னுடையதில்லை. கடலுக்குப் போகிறவனும் நானில்லை. நல்லூரில் கடலும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் இருப்பது எஞ்சின் திருத்தும் ஒரு கொட்டிலும், அதன் வாசலில் தண்ணீர் நிரம்பிய ஒரு இரும்புப் பீப்பாவும்தான். அந்தப் பீப்பாவுக்குள் எஞ்சினின் காலை இறக்கி முறுக்கிப் பார்க்கும் சத்தம் பின்னேரங்களில் எங்கள் விறாந்தைவரை கேட்கும். மண்ணெண்ணெய்ப் புகையும் வரும். பாசையூரில் இருந்து இந்த எஞ்சினைக் கொண்டுவந்தவர் முன்பு என்னிடம் படித்தவர் என்பதால் எட்டிப் பார்க்கப் போனேன். அங்கே நின்ற அத்தனை பேரும் ஒரே மூச்சில் அதைச் சின்னச் சேதம் என்றார்கள். "உதுக்கென்ன சேர், உது ஒண்டும் செய்யாது." அவர்கள் சொன்னது பிழை என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக எப்படிச் சொல்ல முடிந்தது என்ற கேள்வி மட்டும் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது.

அந்தத் தகட்டின் வேலையே அடி வாங்குவதுதான். யாழ்ப்பாணக் கடலேரியில் பல இடங்களில் ஆள் இறங்கினால் இடுப்பளவு தண்ணீர்தான். மண்டைதீவுப் பக்கம் வற்று நேரத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு போகவேண்டிய இடங்கள் உண்டு. அடியில் கல்லோ பழைய களங்கட்டியின் முறிந்த தடியோ இருந்தால், புறொப்பெல்லரில் படுவதற்கு முதல் அந்தத் தகட்டில் படவேண்டும் என்பதற்காகவே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. முனை கொஞ்சம் போனால் வள்ளத்தின் போக்கில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பாதிக்கு மேல் போனால்தான் திருப்பும்போது கையில் இழுவை தெரியும். ஆகவே தகட்டைப் பொறுத்தவரை கொட்டிலில் சொன்னது சரி. உரிந்த பெயின்ற்றுக்கும் பெரிய கவலை வேண்டியதில்லை, அருகே பூட்டியிருக்கும் நாகக் கட்டி உயிரோடு இருக்கும்வரை. உப்புத் தண்ணீர் முதலில் நாகத்தைத்தான் தின்னும், அது தீர்ந்த பிறகே அலுமினியத்தைத் தொடும். பள்ளம் விழுந்து, சொரசொரத்து, பாதியாய்த் தேய்ந்த நாகக் கட்டியைப் பார்த்துப் புதிதாக வாங்கியவர்கள் பயப்படுவார்கள். உண்மையில் தேயாமல் பளபளவென்று இருக்கும் கட்டிதான் சந்தேகத்துக்குரியது. எஞ்சினை அழகுபடுத்துகிறேன் என்று சிலர் ஸ்பிரே பெயின்ற் அடிக்கும்போது நாகத்தின் மேலும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பெயின்ற் பட்ட நாகம் வேலை செய்யாது. அப்போது பார்வைக்குப் புத்தம்புதிதாக இருக்கும் எஞ்சின் உள்ளுக்குள் கரையத் தொடங்கும்.

எனக்குச் சஞ்சலம் தந்தது வேறோர் இடம். தகடு கல்லில் அடிபட்ட அன்று புறொப்பெல்லரில் தங்கூசி வலைத் துண்டு ஒன்றும் சுற்றியிருந்தது என்று எஞ்சினைக் கொண்டுவந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வெட்டி எடுத்துவிட்டாராம். தங்கூசி புறொப்பெல்லரின் செட்டையில் சுற்றினால் கண்ணுக்குத் தெரியும். அதன் ஒரு இழை உள்ளே போய், புறொப்பெல்லருக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் தண்டைச் சுற்றிக்கொண்டால் தெரியாது. ஓட ஓட அது இறுகி, சூட்டில் உருகி, அங்கேயிருக்கும் ஒயில் சீலின் றப்பர் உதட்டை அறுக்கும். சீல் அறுந்தால் ஒயில் வெளியே கசியும், கடல் உள்ளே வரும். திருத்துகிறவர் புறொப்பெல்லரைக் கழற்றவில்லை. கியர் பெட்டியின் கீழ் ஆணியை அரைச் சுற்றுத் தளர்த்தி, கசிந்த ஒயிலை ஆட்காட்டி விரலில் ஏந்தி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் நன்றாகக் கலந்திருந்தால் அது பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அப்படியிருந்தால் பேச்சே இல்லை, கழற்றத்தான் வேண்டும். இது அப்படியில்லை. தெளிவாகவும் இல்லை. பெருவிரலால் தேய்த்தபோது ஓரத்தில் மெல்லிதாக வெளுத்தது. அது தண்ணீரா, நாள்பட்ட ஒயிலில் சிக்கிய காற்றா என்று பார்த்த உடனே சொல்ல முடியாது. ஒரு போத்தலில் விட்டு இரவு முழுக்க வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் பிரிந்து நிற்கும் என்றார். பிறகு விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு ஆணியை இறுக்கினார். போத்தலை ஒருவரும் எடுத்துவரவில்லை.

அவர் சோம்பலில் அப்படிச் செய்யவில்லை. ஓடுகிற எஞ்சினைத் திறக்கக்கூடாது என்பதற்கு அவரிடம் நல்ல காரணங்கள் இருந்தன. அலுமினிய உடலில் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளை இறுக்கி உப்புத் தண்ணீரில் வருடக்கணக்காக ஓட்டினால், இரண்டு உலோகங்களுக்கும் இடையில் வெள்ளைப் பொடி படிந்து ஆணி சிறைப்பட்டுவிடும். அதைக் கழற்ற முயலும்போது பத்தில் ஒன்று தலை முறியும். முறிந்தால் துளையிட்டு எடுத்து, புரி வெட்டி, அளவு மாற்றி ஆணி போடவேண்டும். ஒரு சீலுக்காகத் திறந்தது இரண்டு நாள் வேலையாகிவிடும். தகட்டை ஒட்டவைக்கக் கேட்டால், அலுமினியத்துக்கு ஆகன் வெல்டிங் வேண்டும், அதன் சூடு தகட்டோடு நிற்காமல் ஏறிப் போய் நல்ல சீலையும் கெடுத்துவிடும், ஆகவே வெல்டிங் என்றால் உள்ளே உள்ளதைக் கழற்றாமல் செய்யக்கூடாது என்பார். திருத்தவேலையும் ஒரு சேதம்தான், கணக்குப் பார்த்துத்தான் இறங்கவேண்டும் என்பது அவருடைய நினைப்பு. என் போன்ற தரைவாசிகளின் முன்யோசனைக்குச் செலவில்லை. எஞ்சின் பீப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒவ்வொரு இரவும் அந்த வீட்டில் உலையைத் தொடும் விடயம் என்பது எனக்குத் தெரியும். மழை விழுந்து கடலேரியில் இறால் படத் தொடங்கும் நாட்களில் ஒரு இரவைக் கரையில் கழிப்பது பாசையூரில் லேசாக எடுக்கும் முடிவில்லை.

எஞ்சினோடு வரும் கைநூல்களைப் புரட்டியிருக்கிறேன். 100 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கியர் ஒயிலை மாற்றச் சொல்வது வழக்கம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லும். இந்த 100 மணித்தியாலம், ஆறு மாதம் என்ற இரண்டையும் ஒரே வரியில் வைத்து எழுதியவரின் மனதில் இருந்த ஆள் வார இறுதியில் குடும்பத்தோடு ஏரிக்குப் போய்வருகிறவர். அவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். இரவுக்கு ஆறு மணித்தியாலம் எஞ்சின் ஓட்டுகிறவருக்கு 100 மணித்தியாலம் மூன்று கிழமைக்குள் முடிந்துவிடும். கைநூலின் ஆறு மாதத்துக்குள் இங்கே எஞ்சின் பல வருடத்தை வாழ்ந்து தீர்த்துவிடுகிறது. மூன்று கிழமைக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுகிற ஆளை நான் கண்டதில்லை. மாற்றச் சொல்லவும் வாய் வராது. ஆகவே நம்முடைய கரைகளில் கைநூலுக்குப் பதிலாக வேறு அறிகுறிகள் புழங்குகின்றன. எஞ்சினின் பின்னால் பீச்சும் குளிராக்கும் தண்ணீரின் தடிப்பு, அந்தத் தண்ணீரில் கை வைத்தால் தெரியும் சூடு, கியர் விழும்போது கேட்கும் தட்டு, விசையைக் கூட்டும்போது வள்ளத்தின் பலகையில் காலுக்குத் தெரியும் அதிர்வு. இவை நம்பத்தக்க அறிகுறிகள். உள்ளங்காலால் எஞ்சினைக் கேட்கிறவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் சீல் அறுந்தால் உள்ளங்காலுக்குத் தெரியவராது. தண்ணீர் புகுந்த கியர் பெட்டி கடைசி நாள்வரை சுகமாகவே ஓடும்.

எதையும் சின்னச் சேதம் என்று சொல்லிவிடும் இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் மனம் 1990களுக்குத்தான் போகிறது. அந்த ஆண்டுகளில் பெற்றோலும் பற்றரியும் எஞ்சின் உதிரிப்பாகங்களும் வடக்குக்கு வரத் தடை. மண்ணெண்ணெய்கூடக் கைக்கெட்டா விலை. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகையை அந்த வயதுக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். எதையும் வீசவில்லை, எதையும் புதிதாக வாங்கவும் இல்லை. ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பிறகு கிளாலியில் இரவில் வள்ளம் ஏறியவர்களுக்கு வெளியிணைப்பு எஞ்சின் என்றால் என்னவென்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. விளக்கில்லாத கடலேரியில், ஒரு எஞ்சின் வள்ளத்தின் பின்னால் வேறு வள்ளங்களைக் கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டு போவார்கள். நடுவில் எஞ்சின் இருமினால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்துவார்கள். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தக் கடலேரியில் பயணிகள் வள்ளங்கள் மீது கடற்படை நடத்திய தாக்குதலில் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் மக்கள் ஏறினார்கள், வேறு வழி இருக்கவில்லை. அக்கரையில் பூநகரிப் பக்கமும் ஒரு நல்லூர் உண்டு. கடலில்லாத இந்த நல்லூரிலிருந்து புறப்பட்டுத் தண்ணீரோரத்து அந்த நல்லூரைப் போய்த் தொட்டவர்கள் பலர். அவர்களைக் கொண்டுபோன எஞ்சின்களில் உடையாத தகடு ஒன்றாவது இருந்திருக்குமா என்பது சந்தேகம். அப்போது யாராவது சீலைப் பற்றிப் பேசியிருந்தால் சிரித்திருப்போம்.

வெளிநாடுகளில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் இந்தக் கதைகளை விரும்பிக் கேட்கிறார்கள், விரும்பிச் சொல்கிறார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சாமர்த்தியம் இப்போது குடும்பப் பெருமையாகிவிட்டது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த மோட்டார் சைக்கிள்களின் பிஸ்டன் எத்தனை நாள் தாங்கியது, அந்தப் புகையைக் குடித்த நெஞ்சுகள் என்ன ஆயின என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நின்றுபோன எஞ்சின்களின் கதை கரைக்கு வந்து சேராது, சேர்ந்தவர்கள்தான் கதை சொல்கிறார்கள். வழியில்லாத காலத்தில் ஒட்டுப்போட்டு ஓட்டியது அறிவு. அதே ஒட்டை வழியிருக்கும் காலத்திலும் அறிவென்று கொண்டாடினால், அன்று நம்மீது திணிக்கப்பட்ட இல்லாமையை இன்று நாமே விரும்பி வைத்துக்கொள்கிறோமோ என்று சந்தேகம் வருகிறது. அதைக் கொட்டிலில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது வழியிருக்கிறதா என்பதே தனிக் கேள்வி. 2022இல் சில கிழமைகளுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயை எட்டியது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சீலும் வாஷரும் அதோடு ஏறின. அதே ஆண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. எண்ணெய்க்கே கடன்பட்டுக் கடலுக்குப் போனவரிடம் சீலைப் பற்றி என்ன பேசுவது? கடையில் அசலும் உண்டு, அதன் பெயரையே அச்சடித்த போலியும் உண்டு. போலிச் சீல் அசலின் கால்விலைக்கு வரும், புதுச்சீல் போட்டேன் என்ற நிம்மதியையும் சேர்த்தே தரும்.

எங்கள் ஊரிலேயே சேதத்தைப் பார்க்க இரண்டு விதம் இருப்பதைத் தினமும் காண்கிறேன். கந்தசுவாமி கோயிலில் ஏதாவதொரு மூலையில் எப்போதும் சாரம் கட்டியிருக்கும். தெற்கே 2011இலும் வடக்கே 2015இலும் ஒன்பது நிலைக் கோபுரங்கள் எழுந்தன. அதற்கு முன்னும் பின்னும் தரை, தூண், மணி, தேர்ச்சில்லு என்று சிறுசிறு வேலை நின்றதேயில்லை. வெடிப்பு வரும்வரை அங்கே காத்திருப்பதில்லை. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் மந்திரி மனை என்ற பழைய கட்டடம் நிற்கிறது. அதன் சாந்து உதிர்வதை நான் சிறுவயதிலிருந்து பார்த்துவருகிறேன். ஒவ்வொரு மாரிக்கும் உதிர்ந்தது கொஞ்சம்தான். அந்த வருடத்துக்கு அது சின்னச் சேதம்தான். யாருடைய பொறுப்பு என்பதில் தொடங்கி எதிலும் முடியாத பேச்சுகளுக்கிடையில், எந்த மாரியில் அது சின்னதிலிருந்து பெரிதானது என்று யாராலும் குறித்துச் சொல்ல முடியாது. கோயிலின் கவனத்துக்குப் பின்னால் பக்தியோடு ஒரு ஒழுங்கும் இருக்கிறது. இன்றைக்குப் பார்க்கவேண்டிய ஆள் யாரென்று அங்கே தெரியும். கடற்கரையில் அது தெரிவதில்லை. எஞ்சின் ஒருவருடையது, வாங்கிய கடன் வேறொருவருடையது, வள்ளத்தில் ஏறுகிறவர்கள் பங்குக்கு வருகிறவர்கள். சீல் மாற்றும் செலவு ஒருவர் தலையில், அறுந்தால் நடுக்கடலில் நிற்பது எல்லோரும்.

எஞ்சின் இங்கே வந்த வரலாறும் அப்படியொரு ஒழுங்குக்கு உதவவில்லை. 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி ராஜேந்திரம் முன்னின்று தொடங்கிய முயற்சி பின்னர் சீநோர் என்ற பெயரில் குருநகரில் வலைத் தொழிற்சாலையாகவும் காரைநகரில் படகு கட்டும் தளமாகவும் வளர்ந்தது. செய்யக் கற்றவர்களுக்குத் திருத்தவும் தெரியும் என்ற நினைப்பு அதற்குள் இருந்திருக்கவேண்டும். ஊரிலேயே கட்டிய வள்ளத்துக்கு ஊரிலேயே ஆளிருந்தது. போருக்குப் பிறகும் ஆழிப்பேரலைக்குப் பிறகும் வந்த உதவிகளின் போக்கு வேறு. வள்ளம் கொடுத்தார்கள், எஞ்சின் கொடுத்தார்கள், வலை கொடுத்தார்கள். மாலை போட்டு வரிசையாக அடுக்கிய எஞ்சின்களின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். தேவைக்கு மேல் வள்ளங்கள் வந்து சேர்ந்த கரைகளும் உண்டு. ஒரு பெட்டி ஒயில் சீலையும், நாகக் கட்டிகளையும், கியர் ஒயிலையும் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் வாங்கியடுக்கி, வேண்டியவர் எடுத்துப் பாவித்துப் பிறகு காசு கட்டலாம் என்று ஒரு ஏற்பாட்டை நான் கேள்விப்படவில்லை. ஒயில் சீலைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க எந்த அமைச்சர் வரப்போகிறார்? என்னைக் கேட்டால் புது எஞ்சின் நூறு கொடுக்கும் காசில் பத்தைக் குறைத்து அதை இப்படிச் செலவழிக்கலாம் என்பேன். என்னைத்தான் யாரும் கேட்பதில்லை.

பாசையூர்க்காரர் இரண்டு நாள் கழித்து எஞ்சினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மறுபடி வந்தார். முப்பத்தைந்து கிலோவுக்கு மேலிருக்கும் அதைத் திருவிழாக் காலத்தில் அடைத்த வீதிகளைச் சுற்றிக்கொண்டு உருட்டி வருவது சின்னப் பாடில்லை. போத்தலில் விட்டு வைத்த ஒயிலையும் கொண்டுவந்திருந்தார், தன் பாட்டில் செய்து பார்த்திருக்கிறார். அடியில் குண்டுமணி அளவு தண்ணீர். திருத்துகிறவர் ஒன்றும் பேசாமல் புறொப்பெல்லரைக் கழற்றினார். ஆணி எதுவும் முறியவில்லை. தண்டைச் சுற்றித் தங்கூசி, பச்சை நிறத்தில், உருகி மோதிரமாக இறுகிப்போய் இருந்தது. கத்தி நுனியால் நெம்பி எடுத்தார். சீலின் உதட்டில் தலைமயிர் தடிப்புக்கு ஒரு வெட்டு. அசல் சீல் போடுவதென்று முடிவானது. விலையைக் கேட்டுப் பாசையூர்க்காரரின் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் சரி என்றார்.

பிறகுதான் உண்மையான வாக்குவாதம் தொடங்கியது. தகட்டையும் ஒட்டித் தரும்படி மனைவி சொல்லிவிட்டிருக்கிறார். அடுத்த வருடம் இந்த எஞ்சினை விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று எடுக்கும் யோசனை அவர்களுக்கு. வாங்க வருகிறவன் சீலைப் பார்க்கமாட்டான், தகட்டைத்தான் பார்ப்பான், அதைக் காட்டியே விலையைக் குறைப்பான் என்பது அவருடைய நியாயம். "ஒட்டின தகட்டைக் கண்டால் விபரம் தெரிஞ்சவன் ஏன் ஒட்டினது எண்டு கேப்பான், உடைஞ்சதைக் கண்டால் கேக்கமாட்டான்" என்றார் திருத்துகிறவர். "விபரம் தெரியாதவன் வந்தால்?" என்று இவர் கேட்டார். விபரம் தெரியாதவனுக்கு விற்கப்போகிறீரா என்று நான் கேட்க நினைத்தேன், பிறகு கேட்கவில்லை. வெல்டிங்குக்குச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோகவேண்டும், போக்குவரத்துக் கூலி வேறு என்று கணக்குப் போட்டார்கள். விற்கிற நேரம் வரட்டும், அப்போது மனைவியையே கூட்டிக்கொண்டு வருகிறேன், அவரிடம் நீங்களே சொல்லுங்கோ அண்ணை என்று சொல்லிவிட்டு, அவர் எஞ்சினைக் கரியரில் ஏற்றத் தொடங்கினார்.